வகுப்பறையில் யூடியூப்: எங்கே சறுக்குகிறோம்?

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி வீட்டில் உட்கார்ந்து, மொபைல் டேட்டாவில் ஒரு நல்ல வீடியோ பிடித்து வைத்திருப்போம். இதயம் ரத்தத்தை எப்படித் தள்ளுகிறது, நாலரை நிமிடம், படமெல்லாம் அருமை. திங்கட்கிழமை மூன்றாவது பீரியட். திரையில் யூடியூப் பக்கம் வரும், தலைப்பும் வரும். ஆனால் நடுவில் கறுப்புக் கட்டத்துக்குள் அந்த வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கும். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல்: "சார், நெட் போச்சு."

நெட் போகவில்லை. யூடியூப் பக்கம் ஓரிடத்திலிருந்து வருகிறது, வீடியோ கூகுள்வீடியோ.காம் என்ற வேறு பெயரிலிருந்து வருகிறது. வேண்டாத தளங்களைத் தடுக்கும் பள்ளி ஃபில்டரில் முதல் பெயரை மட்டும் அனுமதித்துவிட்டு, "யூடியூபைத் திறந்துவிட்டாச்சு" என்று சொல்லிவிட்டார்கள். அப்படிச் சொன்னது நான்தான். எங்கள் லேபைப் பார்த்துக்கொள்வதும் நான்தான். வீட்டில் ஓடியது வகுப்பிலும் ஓடும் என்று நம்புவதுதான் முதல் தவறு. எந்த அறையில், எந்த லேப்டாப்பில், எந்த லாகினில் காட்டப்போகிறோமோ, அதிலேயே முந்தின நாள் ஓட்டிப் பார்க்க வேண்டும். முதல் பத்து நொடி பார்த்தால் போதாது, கடைசி வரை.

அடுத்தது, என்னிடம் அடிக்கடி வரும் கோரிக்கை: "அந்த ஒரு வீடியோவை மட்டும் திறந்துவிடுங்க சார்." கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் இன்று இணையத்தில் போகும் ஏறக்குறைய எல்லாமே ஒட்டிய கவர் மாதிரி. சாதாரண ஃபில்டருக்குக் கவரின் மேலே எழுதிய தளத்தின் பெயர் தெரியும், உள்ளே எந்த வீடியோ என்பது தெரியாது. கவரைப் பிரித்துப் பார்க்க வேண்டுமென்றால் ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் தனிச் சான்றிதழ் ஏற்ற வேண்டும், அதற்கான கருவியும் வாங்க வேண்டும். பெரும்பாலான பள்ளிகளுக்கு அது தேவையில்லாத தலைவலி.

அதற்காக யூடியூபையே மொத்தமாக மூடிவிடுவதும் தவறுதான். நடுவழி ஒன்று இருக்கிறது: ரெஸ்ட்ரிக்டட் மோட், அதாவது பிள்ளைகளுக்கு ஒவ்வாத வீடியோக்களை யூடியூபே மறைக்கும் வசதி. இதைப் பிரவுசரில் மட்டும் போட்டுவைப்பது வீண். எட்டாம் வகுப்புப் பையன் இரண்டு கிளிக்கில் அணைத்துவிடுவான். பள்ளி நெட்வொர்க்கின் டிஎன்எஸ் அமைப்பிலேயே, அதாவது தளத்தின் பெயரைக் கொடுத்தால் அதன் முகவரியைச் சொல்லும் இடத்திலேயே, போட வேண்டும். ஸ்ட்ரிக்ட், மாடரேட் என்று இரண்டு அளவு உண்டு. ஸ்ட்ரிக்ட் போட்டால் உருப்படியான பாடங்கள் பலவும் சேர்ந்தே மறைந்துபோகும், அதனால் நான் மாடரேட் பக்கம். இதில் கமெண்ட் பகுதி மறைந்துவிடும், அது ஒரு நிம்மதி. ஆனால் விளம்பரத்தை இது தடுக்காது, அடுத்த வீடியோவைத் தானாகவே ஓட்டும் ஆட்டோபிளேயையும் நிறுத்தாது. ஆட்டோபிளேயை நாம்தான் அணைக்க வேண்டும்.

சொல்லைப் பார்த்துத் தடுக்கும் மென்பொருளை நம்புவது இன்னொரு கூத்து. 1996-இல் இங்கிலாந்தின் ஸ்கன்தார்ப் என்ற ஊர்க்காரர்களால் ஏஓஎல் என்ற இணையச் சேவையில் கணக்குத் தொடங்க முடியவில்லை. ஊர்ப் பெயருக்குள் ஒரு கெட்ட வார்த்தை ஒளிந்திருந்ததுதான் குற்றம். நம் ஊரில் கதை வேறு மாதிரி. தடைப் பட்டியலில் இருப்பதெல்லாம் ஆங்கிலச் சொற்கள். அதனால் இனப்பெருக்கப் பாடத்துக்கு இங்கிலீஷ் மீடியம் பிள்ளைகள் தேடினால் பூட்டு, தமிழ் மீடியம் பிள்ளைகள் தேடினால் ஒன்றுமில்லை. தமிழில் இருக்கும் வசவுகளுக்கும் பூட்டில்லை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

சின்னப் பள்ளி, செலவு செய்ய முடியாது என்றால் ரவுட்டரில் டிஎன்எஸ் முகவரியை 1.1.1.3 என்று மாற்றினாலே ஆபாசத் தளங்களும் வைரஸ் தளங்களும் பெரும்பாலும் அடைபடும். கிளவுட்ஃபிளேர் இதை இலவசமாகத் தருகிறது. ஆனால் பிரவுசரில் இருக்கும் 'செக்யூர் டிஎன்எஸ்' அமைப்பை வேறொன்றுக்கு மாற்றினால் ரவுட்டர் சொன்னதை அது காதில் வாங்காது. பலர் தவறவிடுவது இதைத்தான்.

பூட்டியிருக்கிறது என்றதும் பாக்கெட்டிலிருந்து போனை எடுத்து ஹாட்ஸ்பாட் போடுகிறோமே, அப்போது ஃபில்டர் மொத்தமும் போயிற்று. போதாததற்கு நம் சொந்தக் கணக்கிலேயே யூடியூப் திறந்திருக்கும். ஓரத்தில் நேற்று ராத்திரி பார்த்த பட்டிமன்றமும் நகைக்கடை விளம்பரமும் வரிசையாக நிற்கும். ஒருமுறை ஒளிச்சேர்க்கை ஓடிக்கொண்டிருக்கும்போது திரையின் மூலையில் "கேஸ் புக் பண்ணியாச்சா?" என்று வாட்ஸ்அப் எட்டிப்பார்த்தது. அந்த வருஷம் முழுக்க அந்த வகுப்புக்கு நான் கேஸ் சார்.

சரி, டவுன்லோட் செய்து பென் டிரைவில் கொண்டுபோகலாமே என்பீர்கள். யூடியூப் தானே தரும் வசதியைத் தவிர மற்ற வழியில் இறக்குவதை அதன் விதிகள் அனுமதிப்பதில்லை. இறக்கித் தரும் தளங்களில் பச்சை நிறத்தில் நாலு பட்டன் இருக்கும், மூன்று பொய். அதில் ஒன்றை அமுக்கித்தான் லேப் கம்ப்யூட்டர்களில் வைரஸ் ஏறுகிறது. இணையம் இழுபறியாக இருக்கும் பள்ளிகள் மத்திய அரசின் தீக்‌ஷா செயலியை முதலில் பார்க்கலாம். 2018 முதல் வந்த தமிழ்நாட்டுப் புதிய பாடநூல்களில் க்யூஆர் கோடு இருக்கிறது. அதை இந்தச் செயலியில் ஸ்கேன் செய்து, பாடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ள முடியும். 2023-இல் வந்த தமிழக அரசின் மணற்கேணி செயலியும் பாடத்திட்டத்தை ஒட்டியே போகிறது. 2019-இல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியின் பாடங்களும் இருக்கின்றன.

அப்புறம், வீடியோவைப் போட்டுவிட்டு மேசையில் உட்கார்ந்து நோட்டுத் திருத்துவது. நானும் செய்திருக்கிறேன். முதல் இரண்டு நிமிடம் அமைதி, அப்புறம் சந்தைக்கடை. லேப்டாப் ஸ்பீக்கர் சத்தம் நாலாவது பெஞ்சைத் தாண்டாது என்பதே எனக்குப் பின்னால் போய் நின்றபோதுதான் தெரிந்தது. பார்ப்பதற்கு முன் ஒரு கேள்வி கொடுத்து, நடுவில் நிறுத்தி, "இப்போ வால்வு திறந்திருக்கா, மூடியிருக்கா?" என்று கேட்டால் நாலரை நிமிட வீடியோ பதினைந்து நிமிடம் ஓடும். ஓடட்டும்.

இதில் அதிகம் கெடுதல் செய்தது என்னவென்றால், ஆசிரியர்கள் யாரிடம் கேட்பது என்று தெரியாமல் கேட்பதையே விட்டுவிட்டதுதான். இப்போது லேப் கதவில் நூல் கட்டி ஒரு நாற்பது பக்க நோட்டுத் தொங்குகிறது. வீடியோ பெயர், வகுப்பு, தேதி. இரண்டு நாள் முன்னால் எழுதினால் நான் திறந்து, ஓட்டிப் பார்த்து, டிக் அடித்து வைப்பேன். சமூக அறிவியல் டீச்சர் நேற்று எழுதியது: "எரிமலை, 9 பி, வியாழன். 2:10-ல் நிறுத்தணும். ஸ்பீக்கர் வேண்டும், போன தடவை மாதிரி வயர் இல்லாமல் தராதீங்க."