திரை கறுத்தால் முதலில் டிஸ்க்கைப் பாருங்கள்: லினக்ஸில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கொளத்தூரிலிருந்து ஒரு கல்லூரிப் பையன் ஸ்கூட்டரின் முன்பக்கம் கேபினெட்டை நிற்க வைத்துக்கொண்டு, பெரம்பூரில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தான். "அண்ணா, பாஸ்வேர்டு அடிச்சதும் ஸ்க்ரீன் கறுத்துட்டு திரும்பப் பாஸ்வேர்டே கேக்குது. என்விடியா டிரைவரை நாலு தடவை எடுத்துட்டு மறுபடி போட்டுட்டேன். உபுண்டுவையே அழிச்சுட்டுப் புதுசா போட்டுடலாமா?" என்று கேட்டான். கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தினேன். எழுத்துத் திரை வந்தது. அதில் வரிசையாக ஐ/ஓ எரர், அதாவது டிஸ்க்கைப் படிக்கவோ எழுதவோ முடியவில்லை என்று ஓடிக்கொண்டிருந்ததைப் பார்த்ததும் பிளக்கைப் பிடுங்கிவிட்டேன்.

அவன் செய்த ஒவ்வொன்றையும் நானும் செய்திருக்கிறேன், கிட்டத்தட்ட அதே வரிசையில். இந்த ஒரு வருடத்தில் இப்படி வந்த மூன்றாவது ஆள் அவன் என்பதால்தான் எழுத உட்கார்ந்தேன். மானிட்டர் கேபிளை கிராஃபிக்ஸ் கார்டில் மாட்டாமல் மதர்போர்டில் மாட்டுவது மாதிரியானவற்றையெல்லாம் விட்டுவிடுகிறேன், அவை அரை மணி நேரத்தில் தானாகத் தெரிந்துவிடும்.

கறுத்த திரை என்றால் டிரைவர்தான் என்று முடிவு கட்டுவது

திரையில் கோளாறு தெரிந்தால் காரணமும் திரைப் பக்கம்தான் இருக்கும் என்று தோன்றுவது இயல்புதான். ஆனால் டெஸ்க்டாப் வருவதற்கு முன் நூற்றுக்கணக்கான கோப்புகளை டிஸ்க்கிலிருந்து படிக்க வேண்டும், சிலவற்றை எழுதவும் வேண்டும். டெபியனிலும் உபுண்டுவின் பல பதிப்புகளிலும், அமைப்பு இருக்கும் ரூட் பார்ட்டிஷனில் பிழை தென்பட்டால் அதை ரீட்-ஒன்லியாக (படிக்க மட்டும்) மாற்றிவிடும்படி, எந்த டிஸ்க்கை எப்படித் திறப்பது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் நிறுவும்போதே எழுதப்பட்டுவிடும். டிஸ்க்கில் முக்கியமான ஒரு செக்டரைப் படிக்க முடியாமல் போகிறது, லினக்ஸின் மையமான கர்னல் ரூட்டை எழுத முடியாதபடி பூட்டிவிடுகிறது, அப்புறம் நீங்கள் பாஸ்வேர்டு அடிக்கிறீர்கள், டெஸ்க்டாப் தனக்கு வேண்டிய தற்காலிகக் கோப்புகளை எழுத முடியாமல் விழுந்துவிடுகிறது, நீங்கள் மறுபடி லாகின் திரையில் நிற்கிறீர்கள். பாஸ்வேர்டு சரிதான், டிரைவரும் சரிதான்.

இன்னொரு விதமும் உண்டு. டிஸ்க் பதில் சொல்லாவிட்டால் கர்னல் வழக்கமாக 30 விநாடி காத்திருந்து, இணைப்பை ரீசெட் செய்துவிட்டு மறுபடி கேட்கும். அந்த நேரம் முழுக்க மவுஸ் நகரும், ஆனால் எதைக் கிளிக் செய்தாலும் ஒன்றும் திறக்காது. பார்ப்பவர்கள் டிஸ்ப்ளே ஹேங் ஆகிறது என்பார்கள்.

அதனால் முதல் வேலை அந்த எழுத்துத் திரைதான். அது வந்துவிட்டால் மானிட்டரும் கேபிளும் உயிரோடு இருக்கின்றன, கார்டும் படம் காட்டும் அளவுக்கு இருக்கிறது என்று அர்த்தம். அங்கே லாகின் செய்து டி, எம், இ, எஸ், ஜி என்ற ஐந்தெழுத்துக் கட்டளையை அடியுங்கள், அனுமதி இல்லை என்றால் முன்னால் சூடோ (நிர்வாகி அனுமதி) சேர்த்துக்கொள்ளுங்கள். ஏடிஏ என்று தொடங்கி ஃபெயில்டு கமாண்ட் என்று வரும் வரிகள், ஐ/ஓ எரர், ரிமௌண்டிங் ஃபைல்சிஸ்டம் ரீட்-ஒன்லி: இவற்றில் ஒன்று கண்ணில் பட்டாலும் டிரைவரை மறந்துவிடுங்கள். திரையை மொபைலில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் ரூட் பூட்டிய பிறகு நடப்பது எதுவும் டிஸ்க்கில் இருக்கும் லாகில் ஏறாது, அடுத்த முறை பூட் செய்து தேடினால் கிடைக்காது.

அப்படி எதுவும் இல்லையென்றால் டிஸ்க்கில் இடம் தீர்ந்துவிட்டதா என்று டிஎஃப் போட்டுப் பாருங்கள், இடம் இல்லாவிட்டாலும் இதே லாகின் சுழற்சி வரும். எப்போதோ சூடோ போட்டு, டெஸ்க்டாப்பைத் தொடங்கும் ஸ்டார்ட்எக்ஸை ஓட்டியதில், ஹோமில் இருக்கும் எக்ஸ்அத்தாரிட்டி (திரைக்கான அனுமதி) கோப்பு ரூட் என்ற நிர்வாகக் கணக்கின் பெயருக்குப் போயிருந்தாலும் வரும். இரண்டும் இல்லையென்றால்தான் டிரைவர்.

டிரைவரைத் திரும்பத் திரும்பப் போடுவதில் நேரம் மட்டும் வீணாகிறது என்று நினைக்காதீர்கள். ஒவ்வொரு முறையும் டிரைவரின் மாட்யூல் புதிதாகக் கம்பைல் ஆகிறது, பூட் தொடங்கத் தேவையான இனிட்ராம்எஃப்எஸ் கோப்பு புதிதாக எழுதப்படுகிறது. செத்துக்கொண்டிருக்கும் டிஸ்க்கின் மேல் ஒவ்வொரு தடவையும் நூற்றுக்கணக்கான எம்பி. அந்தப் பையன் இதை நான்கு முறை செய்திருந்தான்.

நோமோட்செட்டை நிரந்தரமாக்குவது

நோமோட்செட் என்பது திரை அமைப்பில் கை வைக்காதே என்று கர்னலுக்குச் சொல்லும் தெரிவு. பூட் ஆகும்போது வரும் கிரப் மெனுவில் 'இ' அழுத்தி அந்த ஒரு முறைக்கு மட்டும் அதைச் சேர்த்துப் பாருங்கள். எப்படியோ உள்ளே நுழைந்தால் போதும், அதற்குத்தான் அது. கிரப் கோப்பிலேயே எழுதி விட்டுவிட்டால் கார்டின் வேகம் கிடைக்காது, ரெசல்யூஷனும் சரியாக வராது, ஆறு மாதம் கழித்து யூடியூப் ஏன் திணறுகிறது என்று வேறு எங்கேயோ தேடிக்கொண்டிருப்பீர்கள்.

என்விடியாவை இரண்டு வழியில் போடுவது

உபுண்டுவின் தொகுப்பு நிறுவியான ஆப்ட் வழியாகப் போட்டால் ஆப்ட் மட்டும். என்விடியா தளத்திலிருந்து இறக்கிய ரன் கோப்பை அதன் மேல் ஓட்டாதீர்கள்.

நகல் எடுக்காமல் எஃப்எஸ்சிகே ஓட்டுவது

எஃப்எஸ்சிகே என்பது கோப்பு அமைப்பைச் சோதித்துத் திருத்தும் கட்டளை. நகல் எடுக்காமல் அதை ஓட்டியதை நினைத்தால் எனக்கு இன்னும் கோபம் வருகிறது.

திருவல்லிக்கேணியில் என் மாமா ஒரு சின்ன அச்சகம் வைத்திருந்தார். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கிரகப்பிரவேசம், கண்ணீர் அஞ்சலி. பைரேட்டட் மென்பொருள் வேண்டாம் என்று நான்தான் அவருக்கு லினக்ஸும் பக்க வடிவமைப்புக்கான ஸ்கிரைபஸும் போட்டுக் கொடுத்தேன். 2016 டிசம்பர் 12ஆம் தேதி வர்தா புயல் அடித்தது, அங்கே நான்கு நாள் மின்சாரம் இல்லை, வந்த பிறகும் ஓல்டேஜ் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. அதற்குப் பிறகு அவர் கம்ப்யூட்டரில் கறுப்புத் திரையும் ஒரு கர்சரும் மட்டும்தான். நான் கார்டைச் சந்தேகப்பட்டேன். ராமைக் கழற்றி, தங்கநிற முனையை ரப்பரால் தேய்த்து மாட்டினேன். கம்ப்யூட்டர் பாகங்கள் விற்கும் ரிச்சி தெருவில் போய்ப் பழைய கார்டு ஒன்று வாங்கி வந்து போட்டேன். இதற்குள் பத்து தடவையாவது ரீஸ்டார்ட் செய்திருப்பேன், பத்தாவது தடவை பிஸிபாக்ஸ் என்ற அவசரக் கட்டளைத் திரை வந்து, எதிர்பாராத முரண்பாடு, எஃப்எஸ்சிகேயைக் கைமுறையாக ஓட்டவும் என்று பெரிய எழுத்தில் ஆங்கிலத்தில் சொன்னது.

கம்ப்யூட்டரே சொல்கிறது, யார்தான் கேட்க மாட்டார்கள்? ஓட்டினேன். ஒவ்வொரு பிழைக்கும் ஆமாம் சொல்லிக்கொண்டிருக்க முடியவில்லை என்று மைனஸ் ஒய் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனேன்.

அந்த மைனஸ் ஒய் என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். லினக்ஸில் வழக்கமான இஎக்ஸ்டி4 வகைப் பார்ட்டிஷனில் ஒரு பிளாக்கைப் படிக்க முடியாமல் போனால் எஃப்எஸ்சிகே இரண்டு கேள்வி கேட்கும். பிழையைப் பொருட்படுத்தாமல் போகட்டுமா? அந்த பிளாக்கை வலுக்கட்டாயமாகத் திருப்பி எழுதட்டுமா? மைனஸ் ஒய் இரண்டுக்கும் ஆமாம் என்று சொல்லிவிடும். படிக்கவே முடியாத பிளாக்கில் எதைத் திருப்பி எழுதும்? உள்ளே இருந்தது அதன் கையில் இல்லையே. இன்னும் இரண்டு மூன்று முறை பொறுமையாகக் கேட்டிருந்தால் அந்த டிஸ்க் கொடுத்திருக்கக்கூடிய தரவு, அதன் மேல் எழுதியதும் போய்விடுகிறது. அது ஐநோடுகள், அதாவது கோப்புகள் எங்கே இருக்கின்றன என்ற குறிப்புகள் இருக்கும் பிளாக் என்றால் நிலைமை இன்னும் மோசம். வழக்கமான அமைப்பில் ஒரு பிளாக் 4096 பைட், ஒரு ஐநோடு 256 பைட், ஆக ஒரு பிளாக் போனால் 16 கோப்புகளின் முகவரி போகிறது. அந்த 16-இல் ஒன்று ஃபோல்டராக இருந்தால் அதற்குள் இருந்ததெல்லாம் அனாதையாகிறது.

டீ குடித்துவிட்டு வந்து பார்த்தபோது பார்ட்டிஷன் சுத்தம் என்று சொன்னது, பூட் ஆகவும் செய்தது, டெஸ்க்டாப்பும் வந்தது. மாமா சந்தோஷப்பட்டார். அவருடைய வேலைகள் இருந்த ஃபோல்டரைத் திறந்தால் பாதி இல்லை. லாஸ்ட்+ஃபவுண்ட் என்ற ஃபோல்டரில் பெயர் இல்லாமல், வெறும் எண்களாக, ஆயிரக்கணக்கில் கோப்புகள். பதினோரு வருட வேலை அது. அச்சகத்துக்கு வருகிறவர்கள் அண்ணன் கல்யாணத்துக்கு அடித்த மாதிரியே தம்பிக்கும் வேண்டும் என்றுதான் கேட்பார்கள், மாமா பழைய கோப்பைத் திறந்து பெயரையும் முகூர்த்த நேரத்தையும் மாற்றிக் கொடுப்பார், தொழிலே அதுதான். நகல் எடுத்துவிடலாம் என்று நான் மறுநாள் காலை போனபோது பயோஸிலேயே டிஸ்க் தெரியவில்லை. "பரவாயில்ல மாப்ள, புதுசா அடிச்சுக்கலாம்" என்றார். அவர் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

எஃப்எஸ்சிகே கெட்ட கருவி இல்லை. டிஸ்க் நன்றாக இருந்து, மின்சாரம் போனதால் கோப்பு அமைப்பு மட்டும் குழம்பியிருந்தால் அதுதான் மருந்து. வன்பொருளே போய்க்கொண்டிருக்கும்போது அதை ஓட்டக் கூடாது. இரண்டில் எது என்று ஐ/ஓ எரர் வரிகள் சொல்லிவிடும். அந்த வரிகள் இருந்தால் செய்ய வேண்டியது இதுதான்.

மிஷினை அணையுங்கள். வேறு கம்ப்யூட்டரில் நிறுவாமலே லினக்ஸை ஓட்டும் லைவ் யூஎஸ்பி ஒன்றைத் தயார் செய்து அதிலிருந்து பூட் செய்யுங்கள். பக்கவாட்டில் உங்கள் டிஸ்க்கின் படம் தெரியும், ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று கை போகும், கிளிக் செய்யாதீர்கள், செய்தால் மௌண்ட் ஆகிவிடும், அதாவது அமைப்பு அதைப் பயன்பாட்டுக்குத் திறந்துவிடும். ரீட்-ஒன்லியாக மௌண்ட் செய்தாலும் இஎக்ஸ்டி4 தன் ஜர்னலை (முடியாமல் நின்ற மாற்றங்களின் குறிப்பேடு) ஓட்டி டிஸ்க்கில் எழுதும், நோலோடு என்ற தெரிவையும் சேர்த்தால்தான் எழுதாது. மௌண்டே வேண்டாம். பழுதான டிஸ்க்கை நகலெடுக்கும் ஜிடிடிரெஸ்க்யூ என்ற தொகுப்பை நிறுவுங்கள், கட்டளையின் பெயர் முன்னால் ஜி இல்லாமல் டிடிரெஸ்க்யூ. டிடி, அடிக்கோடு, ரெஸ்க்யூ என்று இன்னொன்று இருக்கிறது, அது வேறு கருவி. அதே அளவோ பெரியதோ ஆன வேறு டிஸ்க்குக்கு முழு டிஸ்க்கையும் நகலெடுங்கள், எது வந்தது, எது வரவில்லை என்று குறித்துவைக்கும் மேப் கோப்பு ஒன்றைக் கட்டாயம் கொடுங்கள், அந்தக் கோப்பு பென் டிரைவில் இருக்கட்டும், லைவ் அமைப்பின் உள்ளே வைத்தால் அணைத்ததும் போய்விடும். முதல் சுற்றில் மைனஸ் என் போட்டால் நல்ல பகுதிகளை வேகமாக எடுத்துக்கொண்டு மோசமான இடங்களைக் குடையாமல் விட்டுவிடும். டிஸ்க்குக்கு எத்தனை மணி நேர ஆயுசு என்று தெரியாதபோது நல்லதை முதலில் எடுத்துவிட வேண்டும். இரண்டாவது சுற்றில் மைனஸ் டி (டிஸ்க்கை நேரடியாகப் படிக்க), மைனஸ் ஆர்3 (மோசமான இடங்களை மூன்று முறை மறுபடி முயல). நடுவில் கரண்ட் போனாலும் மேப் கோப்பு இருப்பதால் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

அப்புறம் எஃப்எஸ்சிகேயை அந்த நகலின் மேல் ஓட்டுங்கள். தப்பாகப் போனால் இன்னொரு நகல் எடுத்துக்கொள்ளலாம்.

ஸ்மார்ட் சோதனையில் பாஸ்டு என்று வந்ததை நம்புவது

ஸ்மார்ட் என்பது டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் ஏற்பாடு. அதைக் காட்டும் ஸ்மார்ட்சிடிஎல் கட்டளையை ஓட்டினால் பெரும்பாலும் பாஸ்டு என்று வரும். அந்தப் பையனின் டிஸ்க்கிலும் வந்தது. அந்த ஒரு சொல்லைத் தாண்டிக் கீழே இருக்கும் பட்டியலைப் படியுங்கள்: 5, 197, 198 ஆகிய எண்களுக்கு நேரே கடைசி நெடுவரிசையில் பூஜ்யம் இருக்க வேண்டும். 197 என்பது படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டர்களின் கணக்கு, அவனுக்கு அது 200-ஐத் தாண்டியிருந்தது.

பூஜ்யமாக இருந்தாலும் நிம்மதியாகத் தூங்க முடியாது. கூகுள் 2007-இல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை வைத்து வெளியிட்ட ஆய்வில், செத்த டிஸ்க்குகளில் 56 சதவீதத்துக்கு மேல் முக்கியமான நான்கு ஸ்மார்ட் குறிகளில் எதையும் காட்டாமலே செத்திருந்தன. அதே ஆய்வில், முதல் ஸ்கேன் பிழை (டிஸ்க் தன் பரப்பைத் தானே சோதிக்கும்போது காணும் பிழை) வந்த டிஸ்க் அடுத்த 60 நாளில் சாகும் வாய்ப்பு, பிழை வராததைவிட 39 மடங்கு. ஆக, குறி இருந்தால் அவசரம், இல்லாவிட்டாலும் பேக்கப் வேண்டும். எஸ்எஸ்டி வைத்திருப்பவர்களுக்கும் சேர்த்துத்தான், அதில் சத்தமே கேட்காது, ஒரு நாள் காலையில் பயோஸில் காணாமல் போகும்.

கேபிளைப் பார்க்காமல் டிஸ்க்கைத் தூக்கிப் போடுவது

அதே ஸ்மார்ட் பட்டியலில் 199-ஆம் எண் (டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் நடுவே தரவு கெட்ட கணக்கு) மட்டும் ஏறியிருந்து மற்றவை பூஜ்யமாக இருந்தால், பெரும்பாலும் சாட்டா கேபிள்தான். திருவான்மியூரில் கடலைப் பார்த்த வீடு ஒன்றில் இப்படி இரண்டு முறை பார்த்தேன், கனெக்டரில் பச்சை படிந்திருந்தது. முதலில் கேபிளை மாற்றுங்கள். அந்த எண் குறையாது, மேலும் ஏறாமல் இருந்தால் போதும்.

எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயரை நம்புவது

இவை டிஸ்க்குகளுக்கு லினக்ஸ் வைக்கும் பெயர்கள், ஒவ்வொரு முறை பூட் செய்யும்போதும் மாறலாம். நேற்று எஸ்டிஏவாக இருந்த பழைய டிஸ்க் இன்று எஸ்டிபியாக வரும், நீங்கள் காலியான புது டிஸ்க்கைப் பழையதன் மேல் நகலெடுத்துவிடுவீர்கள். டிஸ்க்கின் மேல் ஒட்டியிருக்கும் சீரியல் எண்ணைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு, டெவ் என்ற ஃபோல்டருக்குள் டிஸ்க், பை-ஐடி என்ற இடத்தில் அதே எண்ணோடு இருக்கும் பெயரைக் கட்டளையில் பயன்படுத்துங்கள்.

ஃபேட்32-இல் இமேஜ் எடுப்பது

ஃபேட்32 முறையில் அமைத்த டிஸ்க்கில் ஒரே கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது, அதனால் இமேஜ் (முழு டிஸ்க்கின் நகல் ஒரே கோப்பாக) அங்கேயே நின்றுவிடும்.

டிஸ்க்கை ஃப்ரிட்ஜில் வைப்பது

வேண்டாம். வெளியே எடுத்ததும் சென்னைக் காற்றில் உள்ளே தண்ணீர் கோக்கும். டிக் டிக் என்று சத்தம் வந்தால் மறுபடி கரண்டே கொடுக்காமல் டேட்டா ரெக்கவரி செய்பவர்களிடம் கொண்டு போங்கள்.

நோஃபெயில் இல்லாத எஃப்எஸ்டேப்

வெளி டிஸ்க்கை எஃப்எஸ்டேப்பில் எழுதியிருந்தால், அது இல்லாவிட்டாலும் பூட் தொடரட்டும் என்று சொல்லும் நோஃபெயிலைச் சேர்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் அதைக் கழற்றிய நாளில் பூட் 90 விநாடி காத்திருந்து எமர்ஜென்சி மோடில் விழும், மறுபடி டிரைவரைச் சந்தேகப்படுவீர்கள்.

பையனின் 500 ஜிபி டிஸ்க்கை அன்று இரவு முழுக்க ஓட விட்டேன். காலையில் பார்த்தபோது சில நூறு கேபி மட்டும் வரவில்லை. நகல் எடுத்தது ஒரு புது எஸ்எஸ்டியில். அதன் மேல் எஃப்எஸ்சிகே ஓட்டி, அதையே அவன் கேபினெட்டில் மாட்டி ஸ்விட்சைப் போட்டதும் டெஸ்க்டாப் வந்தது, என்விடியாவை நான் தொடவே இல்லை. கிளம்பும்போது, பழைய டிஸ்க்கை ரிச்சி தெருவில் கொடுத்தால் ஏதாவது கிடைக்குமா என்று கேட்டான். வீட்டில் எல்லோருடைய ஆதார் நகலும் அப்பாவின் பேங்க் ஸ்டேட்மென்டும் அதில் இன்னும் அப்படியே இருக்கின்றன என்று சொல்லி, ஒரு டோர்க்ஸ் ஸ்க்ரூடிரைவரைக் கையில் கொடுத்து, உள்ளே இருக்கும் தட்டைக் கழற்றிக் காட்டச் சொன்னேன்.