ரீஃபண்ட் வந்திருப்பதாக மெயில் வந்தால் முதலில் கடைசி ஊரைப் பாருங்கள்

போன ஆடி மாதம் கல்லிடைக்குறிச்சி அண்ணாச்சி ஒருவர் பாளையங்கோட்டையில் இருக்கும் எங்கள் கம்ப்யூட்டர் சென்டருக்கு வந்தார். அப்பளம் போட்டு விற்கிறவர். போனை நீட்டி, "தம்பி, இன்கம்டாக்ஸ்ல இருந்து பதினஞ்சாயிரம் சொச்சம் ரீஃபண்ட் வந்திருக்காம். இன்னைக்குள்ள அக்கவுண்ட் நம்பர் குடுக்கலேன்னா கேன்சலாயிருமாம். கொஞ்சம் அடிச்சுக் குடுங்க" என்றார்.

மெயிலில் துறையின் பெயர், சிங்கச் சின்னம், அவருடைய முழுப்பெயர் எல்லாம் அச்சு அசலாக இருந்தன. ஆனாலும் அது ஃபிஷிங் மெயில், அதாவது நம்மிடமிருந்து விவரத்தைக் கறக்க அனுப்பும் போலி மெயில். அன்று அவரை உட்காரவைத்துக் காட்டியதை அதே வரிசையில் எழுதுகிறேன்.

முதல் படி: எதையும் தொடாதீர்கள்

மெயிலைத் திறந்து படிப்பதால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. உள்ளே இருக்கும் லிங்க்கும், கூடவே அனுப்பியிருக்கும் கோப்பும்தான் ஆபத்து. "24 மணி நேரத்துக்குள்", "கணக்கு முடக்கப்படும்" என்று அவசரப்படுத்தினால், உங்களை யோசிக்கவிடாமல் செய்யப் பார்க்கிறார்கள் என்று அர்த்தம். எழுத்துப்பிழை இருந்தால்தான் போலி என்று நினைக்கவேண்டாம். இப்போது பிழையே இல்லாமல், நல்ல தமிழில்கூட வருகிறது.

இரண்டாம் படி: அனுப்பியது யார்?

மேலே தெரியும் பெயரை நம்பாதீர்கள். அங்கே யாரும் எந்தப் பெயரையும் போட்டுக்கொள்ளலாம். ஜிமெயிலில் பெயருக்குக் கீழே "எனக்கு" என்று இருக்கும் இடத்தைத் தொட்டால் முழு முகவரியும் விரியும். அண்ணாச்சிக்கு வந்தது துறைக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு முகவரியிலிருந்து. முகவரி சரியாக இருந்தாலும் அதோடு விட்டுவிடாதீர்கள், அதையும் போலியாகப் போடமுடியும்.

மூன்றாம் படி: லிங்க்கை வாலிலிருந்து படியுங்கள்

இதை மட்டும் நிதானமாகப் பழகிக்கொள்ளுங்கள். போனில் லிங்க்கின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் அது போகும் முகவரி தெரியும். கம்ப்யூட்டரில் சொடுக்காமல் சுட்டியை மேலே வைத்தால் திரையின் அடியில் தெரியும். அண்ணாச்சியின் மெயிலில் இருந்தது ஏறக்குறைய இப்படி:

இன்கம்டாக்ஸ்.ஜிஓவி.இன்.ரீஃபண்ட்-உதவி.காம்/லாகின்

முன்பாதியைப் பார்த்தால் அரசு தளம் போலவே இருக்கிறது. அண்ணாச்சியிடம் கேட்டேன்: "வடக்கு ரத வீதின்னு மட்டும் எழுதி ஒரு கடுதாசி போட்டா எங்க போகும்?" நம்ம திருநெல்வேலி டவுனிலும் வடக்கு ரத வீதி உண்டு, வேறு பல கோயில் ஊர்களிலும் உண்டு. கடைசியில் எழுதும் ஊர்தான் முடிவு செய்யும். இங்கேயும் அப்படித்தான். ஆரம்பத்தில் இரட்டைச் சாய்கோடு (//) இருந்தால் அதை விட்டுவிட்டு, அடுத்து வரும் ஒற்றைச் சாய்கோடு (/) வரை எடுத்துக்கொண்டு, அதைப் பின்னாலிருந்து படியுங்கள். மேலே உள்ளதில் கடைசி ஊர் "ரீஃபண்ட்-உதவி.காம்". அதற்கு முன்னால் இருப்பதெல்லாம் தெருப் பெயர்தான், அவர்கள் இஷ்டத்துக்கு எழுதிக்கொள்ளலாம்.

இந்திய அரசு தளங்களின் முகவரி பெரும்பாலும் ஜிஓவி.இன் அல்லது என்ஐசி.இன் என்று முடியும். வங்கிகளை 2025 அக்டோபர் 31-க்குள் பேங்க்.இன் என்று முடியும் முகவரிக்கு மாறச் சொன்னது ரிசர்வ் வங்கி. அந்த வால் வங்கிகளுக்கு மட்டும்தான் கிடைக்கும். இன்னொன்று, ஆங்கில ஆர், என் இரண்டையும் ஒட்டி எழுதினால் எம் மாதிரி தெரியும். கண்ணாடி போட்டுக்கொண்டு பாருங்கள். பூட்டுப் படம் இருப்பதால் தளம் உண்மையானது என்றும் ஆகிவிடாது. போலித் தளத்துக்கும் பூட்டு கிடைக்கிறது.

நான்காம் படி: நீங்களே உங்கள் வழியில் போங்கள்

மெயில் உண்மையோ என்று சந்தேகம் வந்தால், அதில் உள்ள லிங்க்கையும் போன் நம்பரையும் விட்டுவிடுங்கள். முகவரியை நீங்களே அடித்து உள்ளே போங்கள். வங்கி என்றால் ஏடிஎம் கார்டின் பின்னால் இருக்கும் நம்பருக்குப் பேசுங்கள். அண்ணாச்சியும் நானும் வருமான வரித் தளத்தைத் திறந்து பார்த்தோம். அவருடைய ரிட்டர்ன் இன்னும் பரிசீலனையே முடியவில்லை. ரீஃபண்ட் எங்கிருந்து வரும்? உண்மையான ரீஃபண்ட், தளத்தில் ஏற்கெனவே சரிபார்த்து வைத்த கணக்குக்குத்தான் வரும். துறை மெயிலில் பின் நம்பரோ பாஸ்வேர்டோ கேட்பதில்லை.

ஐந்தாம் படி: புகார் சொல்லிவிட்டு அழியுங்கள்

கம்ப்யூட்டரில் ஜிமெயிலைத் திறந்து, மெயிலின் வலப்பக்கம் இருக்கும் மூன்று புள்ளியைச் சொடுக்கினால் ஃபிஷிங் என்று புகார் செய்யும் வசதி இருக்கும். அவ்வளவுதான்.

ஏற்கெனவே லிங்க்கைத் தொட்டுவிட்டால்

பாஸ்வேர்டு கொடுத்திருந்தால் வேறு போனிலிருந்தோ கம்ப்யூட்டரிலிருந்தோ உடனே மாற்றுங்கள். அதே பாஸ்வேர்டை வைத்திருக்கும் மற்ற இடங்களிலும் மாற்றுங்கள். பாஸ்வேர்டோடு இன்னொரு சரிபார்ப்பையும் (போனுக்கு வரும் எண் மாதிரி) கேட்கும் இரண்டு படிச் சரிபார்ப்பையும் போட்டுவிடுங்கள். போனில் ஏபிகே (.apk) என்று முடியும் ஆப் கோப்பை நிறுவியிருந்தால் முதலில் நெட்டை அணையுங்கள்.

பணம் போயிருந்தால் வங்கிக்கும், சைபர் குற்றப் புகாருக்கான உதவி எண் 1930-க்கும் அந்த நிமிடமே பேசுங்கள். திருடிய பணத்தைக் கணக்கு கணக்காக மாற்றிக்கொண்டே போவார்கள். அது கைமாறி முடிவதற்குள் சொன்னால் வழியிலேயே நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு. ரிசர்வ் வங்கியின் விதிப்படி, நாமே விவரத்தைக் கொடுத்து ஏமாந்திருந்தாலும், வங்கியிடம் தெரிவித்த பிறகு போகும் பணத்துக்கு வங்கிதான் பொறுப்பு.

எங்கள் தெரு டீச்சரம்மா ஒருவர், மகன் கோபப்படுவான் என்று இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை. அந்த இரண்டு நாளிலும் கணக்கிலிருந்து பணம் போய்க்கொண்டே இருந்தது. தயவுசெய்து அப்படி இருந்துவிடாதீர்கள். முதலில் 1930-க்குப் பேசி, அவர்கள் தரும் புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். இந்த நிலையில் மட்டும் அந்த மெயிலை அழிக்கவேண்டாம், விசாரிக்கிறவர்கள் கேட்பார்கள்.