லாமா: சினைக்கு விடுவது முதல் பால் மறப்பது வரை

ஆடு மாடு வளர்த்துப் பழகியவர்கள், பெட்டை எப்போது பருவத்துக்கு வரும் என்று காத்திருப்பார்கள். ஒட்டகக் குடும்பத்தைச் சேர்ந்த தென் அமெரிக்க விலங்கான லாமாவில் அந்தக் காத்திருப்பு கிடையாது. இணை சேர்ந்த பிறகுதான் கருமுட்டையே வெளியாகும். அதனால் குட்டி எந்த மாதம் பிறக்க வேண்டும் என்று நீங்களே முடிவு செய்யலாம். சினைக்காலம் ஏறக்குறைய 350 நாள். கடும் வெயிலோ குளிரோ இல்லாத மாதமாகப் பார்த்து, அங்கிருந்து பின்னோக்கி எண்ணி நாள் குறியுங்கள்.

முதலில் வயது. பெட்டைக்குக் குறைந்தது 18 மாதமாவது ஆகியிருக்க வேண்டும்; வளர்ந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கும் வந்திருக்க வேண்டும். எடை வராவிட்டால் இன்னும் ஆறு மாதம் பொறுங்கள், நஷ்டமில்லை. ஆணுக்கு 3 வயது நெருங்கட்டும். இரண்டும் ஒரே தாய்க்கோ தகப்பனுக்கோ பிறந்தவையாக இருக்கக் கூடாது.

அடுத்து, இரண்டையும் சிறிய தொழுவத்தில் விடுங்கள். ஆண் தொண்டைக்குள் களகளவென்று சத்தமிட்டுத் துரத்தும். பெட்டைக்குச் சம்மதமென்றால் கால்களை மடக்கித் தரையில் அமர்ந்துவிடும். 20 முதல் 40 நிமிடம் வரை போகலாம், குறுக்கே போகாதீர்கள்.

இரண்டு வாரம் கழித்து ஆணை மறுபடி அருகில் கொண்டு வாருங்கள். பெட்டை உட்கார்ந்தால் சினை பிடிக்கவில்லை. காதைப் பின்னுக்கு மடித்து, முகவாயைத் தூக்கி, சளக்கென்று துப்பிவிட்டு ஓடினால் நல்ல சேதி! ஆனால் முதல் இரண்டு மாதத்தில் கரு கலைவதுண்டு. அதனால் 45 நாளுக்குப் பிறகு கால்நடை மருத்துவரிடம் ஸ்கேன் எடுத்து உறுதி செய்வதே சரி.

ஈனும் நாளைத்தான் நிதானமாகக் கவனிக்க வேண்டும். லாமா பெரும்பாலும் காலையிலிருந்து மதியத்துக்குள், நின்றபடியே ஈனும். முதலில் மூக்கும் முன்னங்கால்கள் இரண்டும் தெரிய வேண்டும். ஒரு கால் மட்டும் வந்தாலோ, அரை மணி நேரம் முக்கியும் நகர்வு இல்லாவிட்டாலோ, ராத்திரியில் வலி கண்டாலோ உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

குட்டி விழுந்ததும் தாய் நக்கவில்லையே என்று பயப்பட வேண்டாம். லாமாவின் நாக்கு அவ்வளவு வெளியே நீளாது. மூக்கால் மோந்து, ம்ம்ம் என்று மெல்ல முனகித்தான் குட்டியைப் பழக்கிக்கொள்ளும். குளிர் இருந்தால் நீங்கள் துண்டால் துடைத்துவிடுங்கள். தொப்புள்கொடியை அயோடினில் நனையுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் குட்டி எழுந்து நிற்க வேண்டும், அப்புறம் இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் சீம்பால் குடித்தாக வேண்டும். நஞ்சுக்கொடி ஆறு மணி நேரத்தில் விழாவிட்டால் மருத்துவர் பார்க்கட்டும்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்: ஆண் குட்டியைத் தாயிடமிருந்து பிரித்துப் புட்டிப்பால் கொடுத்துக் கொஞ்சி வளர்க்காதீர்கள். மனிதரையும் தன் இனமென்று நினைத்து வளர்ந்து, பெரிதானதும் ஆளை முட்டித் தள்ளும். பால் ஊட்டியே ஆக வேண்டுமென்றால், மந்தைக்குள்ளேயே வைத்து ஊட்டிவிட்டு நகர்ந்துவிடுங்கள். ஆறு மாதத்தில் பால் மறக்கச் செய்து, ஆண் குட்டிகளைத் தனி வேலிக்கு மாற்றுங்கள். குட்டி ஒற்றையாக இருந்தால் துணைக்கு இன்னொரு லாமாவையும் கூடவே விடுங்கள்.