லெவலிங்கை ரசிச்சு ஆடுறது எப்படி? எண்ட்கேமுக்கு ஓடி களைச்ச பிறகு நான் கண்டுபிடிச்ச வழி

போன வருஷம் சம்பா நடவு முடிஞ்ச கையோட ஒரு ஆன்லைன் ஆர்பிஜி (ஒரு கேரக்டர எடுத்து லெவல் லெவலா வளக்கற கேம்) ஆரம்பிச்சேன். மாமா பையன் அதுல ஏற்கனவே மேக்ஸ் லெவல். அது வரைக்கும் ஏறுறது லெவலிங், ஏறின பிறகு வர்ற ஆட்டம் எண்ட்கேம். "சீக்கிரம் ஏறி வா மச்சான், கேமே அங்கதான் ஆரம்பிக்குது"ன்னு தெனமும் போன். நானும் ஒரு பக்கம் யூடியூப்ல ஸ்பீட் லெவலிங் வீடியோவை ஓடவிட்டு, இன்னொரு பக்கம் டயலாக் எல்லாத்தையும் ஸ்கிப் அடிச்சுகிட்டே 40 நாள்ல ஏறிட்டேன். ஏறிப் பாத்தா எங்க கில்டு (சேந்து ஆடுற கூட்டம்) ரெய்டு (எல்லாரும் ஒண்ணா போய் பெரிய எதிரிய அடிக்கறது) வெக்கிறது ஐரோப்பா நேரம் ராத்திரி 8 மணிக்கு, அது பனிக்காலத்துல நமக்கு நடுராத்திரி 12:30, காலைல 5 மணிக்கு நான் வயல்ல நிக்கணும். ரெண்டு வாரம் ஓட்டினேன், மூணாவது வாரம் வரலன்னதும் லிஸ்ட்லேந்து பேரை எடுத்துட்டாங்க. அது கூட பரவால்லங்க. 40 நாள் ஆடின கேம்ல ஒரு ஊர் பேரு கூட எனக்கு ஞாபகம் இல்ல, அதுதான் மனச அறுத்துது.

அப்பறம் வேற கேம்ல முதல்லேந்து நிதானமா ஆரம்பிச்சு, இப்ப ஏழெட்டு மாசமா நல்லா போய்கிட்டு இருக்கு. என்னென்ன மாத்தினேன்னு வரிசையா எழுதுறேன். அக்கவுண்ட் போடுறது, டவுன்லோடு பண்றதெல்லாம் உங்களுக்கே தெரியும், அதுக்குள்ள போகல.

ஸ்டெப் 1: கீழ் லெவல்லயே உயிரோட இருக்கற கேமா எடுங்க

எல்லா கேம்லயும் லெவலிங் ஒரே மாதிரி கிடையாது. சிலதுல அது வெறும் வாசப்படி, சிலதுல அதுதான் வீடே. நான் ஆடிப் பாத்ததுல மூணு சொல்றேன்.

ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப். 2013ல வந்தது, 2018 அக்டோபர்லேந்து போன்லயும் ஆடலாம், அக்கவுண்ட் ஒண்ணுதான். சின்ன டவுன்லோடு, பழைய லேப்டாப்லயே ஓடும். இந்த கேம் 0.6 செகண்டுக்கு ஒரு தரம்தான் நம்ம கட்டளைய எடுத்துக்கும், அதனால பிங் (நெட் தாமதம்) கொஞ்சம் கூட இருந்தாலும் ஆட்டம் கெடாது. நம்ம பக்கம் நெட் இருக்கற இருப்புக்கு என் முதல் சிபாரிசு இதுதான்.

ஃபைனல் ஃபேண்டஸி 14. கதைக்காக ஆடுறவங்களுக்கு இதுக்கு மேல ஒண்ணு இல்ல. ஃப்ரீ ட்ரயலுக்கு நாள் கணக்கு கிடையாது, 2023 அக்டோபர்லேந்து 70 லெவல் வரைக்கும் விட்டிருக்காங்க. ஒரே கேரக்டர்லயே எல்லா ஜாபும் (வீரன், மந்திரவாதி மாதிரி வேஷம்) ஏத்தலாம். டவுன்லோடுதான் பெருசு, ராத்திரி போட்டுட்டு படுத்துடுங்க.

கில்ட் வார்ஸ் 2. 2012லேந்து இன்னிக்கு வரைக்கும் உச்ச லெவல் 80தான், எத்தனை எக்ஸ்பான்ஷன் (கூடுதல் பாகம்) வந்தும் ஏத்தல. சின்ன லெவல் ஏரியாவுக்கு போனா உங்க லெவலையும் அதுக்கேத்த மாதிரி எறக்கிடும், அதனால எந்த ஊரும் பழசாகி செத்துப்போறதில்ல.

ஸ்டெப் 2: கேம் நேரத்தை நம்ம நேரத்துக்கு மாத்தி எழுதுங்க

இது அஞ்சு நிமிஷ வேலை. ஃபைனல் ஃபேண்டஸி 14ல தினசரி போனஸ் திரும்ப வர்றது நமக்கு ராத்திரி 8:30, வாராந்திர ரீசெட் (வாரக் கணக்கு புதுசா ஆரம்பிக்கறது) செவ்வாக்கிழமை மத்தியானம் 1:30. ஜப்பான் சர்வர்ல அவங்களுக்கு ராத்திரி 8:30ன்னா நமக்கு சாயங்காலம் 5 மணி, அதாவது அங்க கூட்டம் கூடுற நேரத்துல நாமளும் முழிச்சிருப்போம். இத ஒரு தாள்ல எழுதி மானிட்டர் பக்கத்துல ஒட்டிட்டேன். முதல் தடவையே இதை செஞ்சிருந்தா அந்த கில்டுல சேந்தே இருக்க மாட்டேன்.

ஸ்டெப் 3: அம்புக்குறியை அணைங்க

நான் வழுக்கி விழுந்த எடம் இதுதான், அதனால கொஞ்சம் நின்னு சொல்றேன்.

ரூன்ஸ்கேப்ல கம்ப்யூட்டர்ல ஆடுறவங்க பெரும்பாலும் ரூன்லைட் (கேமை ஓட்டற தனி ஆப்) போடுவாங்க, நானும் அதான். அதுல குவெஸ்ட் ஹெல்பர்னு ஒரு ப்ளகின் (கூடுதல் கருவி) இருக்கு, ஒரு குவெஸ்டுக்கு, அதாவது கேம் குடுக்கற வேலைக்கு, எங்க போகணும் எதை எடுக்கணும்னு அம்புக்குறியும் கோடும் போட்டே காட்டிடும். ஆரம்பிக்கறப்ப பழக்க தோஷத்துல அதையும் போட்டுகிட்டேன். மூணு நாள்ல ஏழெட்டு குவெஸ்ட் முடிஞ்சுது, நாலாவது நாள் உக்காந்து யோசிச்சா ஒண்ணோட கதையும் தெரியல. திரும்பவும் அதே 40 நாள் கதை. அன்னிக்கே அதை அணைச்சு, எக்ஸ்பி (லெவல் ஏத்தற அனுபவப் புள்ளி) ட்ராக்கரையும் அணைச்சு, புது கேரக்டர் போட்டேன்.

முதல் குவெஸ்ட் லம்பிரிட்ஜ் கோட்டை சமையல்காரரோடது. டியூக்குக்கு (அந்த ஊர் பிரபு) பொறந்தநாள் கேக் செய்யணும், ஒரு முட்டை, ஒரு வாளி பால், ஒரு சட்டி மாவு கொண்டாந்து குடுன்னு கேப்பார். முட்டை கோழிப்பண்ணைல தரையிலயே கெடக்குது. பால் மாட்டுகிட்ட வாளியோட போய் கறந்தாச்சு. மாவுக்குதான் வேலை. மில்லு பக்கத்து வயல்ல கோதுமைக் கதிர எடுத்துகிட்டு, மில்லோட மேல் மாடி வரைக்கும் ஏணி ஏறி, தொட்டில கோதுமைய கொட்டி, பக்கத்துல இருக்கற லீவரை இழுத்தேன். கீழ எறங்கி வந்தா மாவு கொட்டி ரெடியா கெடக்கு, அள்ளுறதுக்கு சட்டி இல்ல. சட்டிய கோட்டை சமையக்கட்டு மேசையிலயே வுட்டுட்டு வந்திருக்கேன். திரும்ப கோட்டைக்கு ஓடி, சட்டிய எடுத்துகிட்டு மறுபடி மில்லுக்கு. வர்ற வழியில ஆத்தோரம் ஒருத்தர் மீன் புடிச்சிகிட்டு இருந்தார், அவர்கிட்ட நின்னு பேசினேன், ராத்திரி மோட்டார் கொட்டாய்ல உக்காந்து போன்ல என்கூட மீன் புடிக்கற கூட்டாளி இன்னிக்கும் அவர்தான்.

அந்த குவெஸ்டுக்கு கெடைக்கறது 300 சமையல் எக்ஸ்பி, ஒண்ணுலேந்து நேரா 4 லெவலுக்கு ஏறும். அம்புக்குறியோட ஆடினப்பவும் அதே 300தான் கெடைச்சுது. ஆனா மில்லு எங்க இருக்கு, ஆறு எந்தப்பக்கம் வளையுதுன்னு எனக்கு தெரிஞ்சது இந்த தடவைதான்.

அதனால என் முறை: 15 நிமிஷம் சொந்தமா தேடுங்க, அப்பறமும் தெரியலன்னா விக்கிய தொறந்து அந்த ஒரு வரிய மட்டும் படிச்சிட்டு மூடிடுங்க. வீடியோ வேணாம், ஒரு கேள்விக்கு பதில் தேடப்போனா முழுக் கதையும் காட்டிடும். எக்ஸெல் ஷீட்டும் வேணாம். ஒரு 100 பக்க கோடு போட்ட நோட்டு வாங்கி, இன்னிக்கு எங்க நிறுத்தினேன், யார பாத்தேன், அடுத்து என்ன பாக்கணும்னு மூணு வரி எழுதுங்க. அறுப்பு நேரத்துல பத்து நாள் கேம் பக்கமே வர முடியாது, திரும்ப வர்றப்ப இந்த மூணு வரிதான் கைய புடிச்சு கூட்டிகிட்டு போகும்.

ஸ்டெப் 4: லெவல் நம்பரை குறியா வெக்காதீங்க

ரூன்ஸ்கேப்ல ஒரு ஸ்கில்லுக்கு உச்சம் 99, மொத்தம் 1,30,34,431 எக்ஸ்பி. இதுல பாதி தூரம் எந்த லெவல் தெரியுமா? 92. கடைசி 7 லெவலுக்கு மட்டுமே முன்னாடி நடந்த அவ்வளவு தூரமும் இன்னொரு தரம் நடக்கணும். 99ஐ குறியா வெச்சு ஆடுறவங்க சலிச்சுப்போறதுல ஆச்சரியமே இல்ல.

எனக்கு குறி டிராகன் ஸ்லேயர் குவெஸ்ட். காசு கட்டாமலே ஆடுற குவெஸ்டுலயே பெருசு அது. அதை ஆரம்பிக்கவே 32 குவெஸ்ட் பாயிண்ட் வேணும், அதனால ஊர் ஊரா போய் சின்னச் சின்ன வேலை எல்லாம் செஞ்சாகணும். மூணு துண்டா கெடக்கற வரைபடத்த சேக்கணும், 2000 காசு குடுத்து ஓட்டைக் கப்பல் ஒண்ணு வாங்கி சரி பண்ணணும், கப்பலோட்ட ஆள் புடிக்கணும், டியூக்குகிட்ட நெருப்பு தாங்கற கேடயம் வாங்கணும். சாப்பாட்டுக்கு லாப்ஸ்டர், அது புடிக்க மீன்பிடி 40 வேணும். இதுல எதையும் "லெவல் ஏத்தணும்"னு உக்காந்து ஏத்தல, கப்பலுக்கும் சோத்துக்கும் அலைஞ்சதுல தானா ஏறிடுச்சு.

த்ரீ பேஸ் கரண்ட் ராத்திரில வர்ற நாள்ல மோட்டார போட்டுட்டு கொட்டாய்லயே காவல் இருக்கணும், தண்ணி கடைசி வரப்பு வரைக்கும் ஏறி நிக்க ரெண்டு மூணு மணி நேரம் ஆகும். அந்த லாப்ஸ்டர் பூரா அங்க உக்காந்து போன்ல புடிச்சதுதான். வெளில தவளைச் சத்தம், உள்ள மோட்டார் சத்தம், கைல போன்ல லாப்ஸ்டர் புடிக்கற கரம்ஜா தீவு. அந்த ரெண்டு மணி நேரத்துக்காகவே இப்ப முறை எப்ப வரும்னு இருக்கு.

ஒரு எச்சரிக்கை: மாசாந்திர பராமரிப்புன்னு கரண்ட் நிறுத்துற நாள்ல டிராகன்கிட்ட போகாதீங்க. சண்டை நடுவுல நெட் கட்டானா கேரக்டர் உடனே வெளிய வந்துடாது, கொஞ்ச நேரம் அங்கயே நின்னு அடி வாங்கும்.

ஸ்டெப் 5: கதைய விட லெவல் முந்திப்போனா

கதை கேம்ல இது நிறைய பேருக்கு நடக்கும். கண்ல பட்ட சைட் குவெஸ்ட், தினசரி போனஸ் எல்லாத்தையும் ஒரே ஜாப்ல செஞ்சா, கதை 30ல நிக்கும், நீங்க 45ல நிப்பீங்க, வழியில எதிரி எல்லாம் ஒரே அடில விழும், சுவாரசியம் போயிடும். ஃபைனல் ஃபேண்டஸி 14ல வழி சுலபம், மெயின் கதைக்கு ஒரு ஜாப், தினசரி போனஸுக்கு இன்னொரு ஜாப்னு பிரிச்சிடுங்க. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்ல ஸ்டார்ம்விண்ட், ஆர்கிரிமார்னு ரெண்டு தலைநகரத்துலயும் 10 கோல்டு வாங்கிகிட்டு எக்ஸ்பி ஏறுறதையே நிறுத்தி வெக்கற ஆள் 2009லேந்து இருக்காங்க.

அதே கேம்ல எனக்கு புடிச்ச இன்னொண்ணு, சத்திரத்துல போய் லாக்அவுட் பண்ணினா நீங்க இல்லாத நேரத்துக்கு ஓய்வுக் கணக்கு ஏறும், திரும்ப வந்து அடிக்கற எதிரிக்கெல்லாம் ரெட்டிப்பு எக்ஸ்பி. ரெண்டு நாளைக்கு ஒரு தரம் ஒரு மணி நேரம் ஆடுறவங்களுக்கு அது பெரிய ஆதரவு. எழுந்து போகணும்னா நடுக்காட்டுல வுட்டுட்டு ஓடாதீங்க, சத்திரத்துக்கு வந்துட்டு போங்க.

ஸ்டெப் 6: எண்ட்கேமை எட்டிப் பாருங்க, குடி போகாதீங்க

எண்ட்கேம் கெட்டதுன்னு நான் சொல்லல. மாமா பையனுக்கு அதுதான் உசுரு, எட்டு பேரும் ஒரே நேரத்துல ஒரே மாதிரி நகந்து ஒரு பாஸை (பெரிய எதிரி) சாய்ச்சா அந்த சந்தோஷம் தனிதான், நானும் ஒரு தரம் அனுபவிச்சேன். ஆனா அதுக்கு எட்டு பேரோட நேரமும் சேரணும். உங்களுக்கு வாரத்துல ரெண்டு ராத்திரி உறுதியா கெடைக்கும்னா போங்க. கெடைக்காதுன்னா ஒரு மாசத்துக்கு ஒரு தரம் விருந்தாளியா போயிட்டு வாங்க, நான் அப்பிடித்தான் செய்யறேன்.

அப்டேட் 1: மன்னார்குடிலேந்து ஒரு தம்பி, தானும் ஃப்ரெண்டும் ஃபைனல் ஃபேண்டஸி 14 ட்ரயல்ல இருக்கோம், பார்ட்டி (சேந்து ஆடுற குழு) போடவே விடமாட்டேங்குதுண்ணான்னு கேட்டிருந்தார். ஆமா தம்பி, ட்ரயல்ல இருக்கறவங்க பார்ட்டி ஆரம்பிக்க முடியாது, காசு கட்டின யாராவது கூப்ட்டா சேரலாம். மார்க்கெட் போர்டும் (ஆடுறவங்க பொருள் வாங்கி விக்கற சந்தை) கெடையாது, காசும் 3 லட்சம் கில்லுக்கு மேல சேராது. தனியா கதை ஆடுறதுக்கு இதெல்லாம் எந்த தொந்தரவும் இல்ல.

அப்டேட் 2: இதை படிச்சிட்டு ஒரு அக்கா அவசரப்பட்டு அதே அக்கவுண்ட்ல முழு கேமை வாங்கிட்டாங்க, ஒரு மாசம் கழிச்சு ட்ரயலுக்கு திரும்பலாம்னு பாத்தா முடியல. நான் முன்னாடியே எழுதியிருக்கணும், மன்னிச்சுக்குங்கக்கா. ஒரு தரம் வாங்கிட்டா அந்த அக்கவுண்ட் திரும்ப ட்ரயலா மாறாது. 70 லெவல் வரைக்கும் கதைய முழுசா ஆடி முடிச்சிட்டு, அதுக்கு மேலயும் வேணும்னு தோணினா அப்ப வாங்குங்க.

அப்டேட் 3: போன்ல ரூன்ஸ்கேப் ஆடுறவங்களுக்கு ரூன்லைட் கெடையாது, அதனால ப்ளகின் அணைக்கற வேலை இல்ல. ஆனா எக்ஸ்பி ஏறுறப்பல்லாம் திரையில நம்பர் பறக்கும். மினிமேப் (மூலையில இருக்கற சின்ன வரைபடம்) பக்கத்துல இருக்கற எக்ஸ்பி பட்டனை தட்டினா அது நின்னுடும்.