பிரேக் ஆயில் மாற்றும்போது செய்யக் கூடாதவை

போன மாதம் அக்கா மகன் தன் காருக்கு முதல்முறையாகத் தானே பிரேக் ஆயில் மாற்றினான். நான் துணைக்கு நின்றேன். அவன் ஸ்பேனரை எடுத்த விதம், பெடலை மிதித்த விதம், பானட்டுக்குள் பிரேக் ஆயில் நிற்கும் டப்பாவை மறந்த விதம் எல்லாமே பன்னிரண்டு வருடங்களுக்கு முன் நான் செய்தவை. ஜாக்கியை மட்டும் நம்பிச் சக்கரத்தைக் கழற்றக் கூடாது, கண்ணுக்குக் கண்ணாடி போட வேண்டும் என்பதையெல்லாம் எல்லோரும் சொல்லிவிட்டார்கள். அவற்றை விட்டுவிட்டு, யாரும் அழுத்திச் சொல்லாதவற்றை மட்டும் எழுதுகிறேன்.

'ஆயில்' என்ற பெயரை நம்புவது

நாம் எல்லோரும் பிரேக் ஆயில் என்றுதான் சொல்கிறோம். ஆனால் பெரும்பாலான கார்களில் இருப்பது எண்ணெயே அல்ல, கிளைகால் வகைத் திரவம். எண்ணெய்தானே என்று எஞ்சின் ஆயிலையோ பவர் ஸ்டீயரிங் ஆயிலையோ கொஞ்சம் ஊற்றிவிட்டால்கூட உள்ளே இருக்கும் ரப்பர் சீல்கள் ஊதிப் பருத்துவிடும். அப்புறம் கழுவி விட்டால் போதாது. பெடலின் அழுத்தத்தை ஆயிலுக்குக் கொடுக்கும் மாஸ்டர் சிலிண்டர் முதல் ஹோஸ்கள் வரை ரப்பர் உள்ள பாகங்கள் அத்தனையையும் மாற்ற வேண்டும். எஞ்சின் ஆயில் ஊற்றப் பயன்படுத்திய அதே புனலை இங்கே எடுப்பதும் இந்தத் தவறில்தான் சேரும்.

வண்டியிலுள்ள டப்பாவின் மூடியில் டாட் 3 அல்லது டாட் 4 என்று ஆயிலின் தரம் அச்சிட்டிருக்கும், அதையே வாங்குங்கள். டாட் 5.1 கிளைகால் வகை, டாட் 5 சிலிக்கோன் வகை. எண் நெருக்கமாக இருக்கிறதே என்று ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை ஊற்றக் கூடாது.

கிளைகால் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். புதிய டாட் 4 குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. அதில் சுமார் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் அந்த எல்லை 155 வரை இறங்கலாம். மலை இறக்கத்தில் தொடர்ந்து பிரேக் பிடிக்கும்போது சக்கரத்தில் பிரேக் பேடுகளை அழுத்தும் காலிபர் அந்தச் சூட்டைத் தொட்டால் ஆயில் ஆவியாகும், பெடல் மிதிக்க மிதிக்க உள்ளே போகும். பல தயாரிப்பாளர்கள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது இதனால்தான்.

பெடலைத் தரை வரை மிதிப்பது

இதை நினைத்தால் இன்றும் எனக்கு எரிச்சல் வரும். எங்கே கேட்டாலும் "நிப்பிளைத் திற, தரை வரை அழுத்து, மூடு, விடு" என்றுதான் சொல்லித் தருகிறார்கள். நிப்பிள் என்பது ஒவ்வொரு சக்கரத்தின் பிரேக்கிலும் பழைய ஆயிலும் காற்றும் வெளியேறும் சின்னத் திருகு. எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள்.

அப்போது என்னிடம் இருந்தது நிறைய ஓடிய பழைய கார். தம்பியைப் பெடலில் உட்கார வைத்தேன். நான்கு சக்கரத்திலும் பழைய ஆயில் போய்ப் புதியது தெளிவாக வரும் வரை அவன் தரை வரை மிதித்துக் கொடுத்தான். முடித்ததும் பெடல் கல் மாதிரி நின்றது. எனக்கு அவ்வளவு சந்தோஷம். நான்காம் நாள் ஒரு சிக்னலில் நிற்கும்போது, காலுக்கடியில் பெடல் மெதுவாக, சத்தமில்லாமல் இறங்கத் தொடங்கியது. முன்னால் நின்ற வண்டியைத் தொடும் முன் கைப்பிரேக்கை இழுத்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து நான்கு சக்கரத்தையும் கழற்றிப் பார்த்தேன். ஒரு சொட்டு கசிவு இல்லை. டப்பாவில் அளவும் குறையவில்லை. காற்று மிச்சம் இருக்கிறது என்று முடிவு செய்து மறுபடி ஏர் எடுத்தேன், அதாவது நிப்பிள் வழியே காற்றை வெளியேற்றினேன், அதுவும் தரை வரை மிதித்தே. அது இன்னும் மோசமானது.

நடந்தது இதுதான். மாஸ்டர் சிலிண்டருக்குள் பிஸ்டன்கள் இருக்கின்றன, அவற்றைச் சுற்றி ரப்பர் சீல்கள். தினசரி ஓட்டத்தில் பெடல் கொஞ்ச தூரம்தான் போகிறது, ஆகவே சீல் உரசி உரசி வழவழப்பாக வைத்திருப்பது சிலிண்டரின் அந்தச் சிறு பகுதியை மட்டுமே. அதைத் தாண்டிய பகுதியைச் சீல் வருடக்கணக்கில் தொடுவதே இல்லை. ஆயிலில் சேர்ந்த ஈரத்தால் அங்கே துரு பிடிக்கும், அழுக்கு படியும். நிப்பிள் திறந்திருக்கும்போது பெடலில் எதிர்ப்பே இருக்காது என்பதால் கால் நேராகத் தரைக்குப் போகும். சீல் அந்தச் சொரசொரப்பில் ஏறி இறங்கிக் கீறிக்கொள்ளும். பிறகு பிரேக் பிடிக்கும்போது அழுத்தம் கீறல் வழியே உள்ளுக்குள்ளேயே திரும்பிப் போய்விடும். வெளியே கசிவே தெரியாததற்குக் காரணம் இதுதான்.

காற்று இருந்தால் பெடல் பஞ்சு மாதிரி இருக்கும், இரண்டு மூன்று முறை மிதித்தால் மேலே ஏறி வரும். சீல் போயிருந்தால் முதலில் கெட்டியாகவே இருக்கும், காலை லேசாக அதே அழுத்தத்தில் வைத்திருந்தால் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். இந்த வேறுபாடு தெரியாமல்தான் நான் ஒரு முழுக் குப்பி ஆயிலையும் ஒரு முழு நாளையும் வீணாக்கினேன். கடைசியில் மாஸ்டர் சிலிண்டரையே மாற்றினேன். புதியதை வண்டியில் பூட்டும் முன் அதற்குத் தனியாக ஏர் எடுத்து, பிறகு நான்கு சக்கரத்துக்கும் முதலிலிருந்து எடுக்க வேண்டியிருந்தது.

தவிர்ப்பதற்கு ஒரு மரக்கட்டை போதும். பெடலுக்கு அடியில் வைத்துவிட்டால் பெடல் பாதி தூரத்துக்கு மேல் போகாது. மிதிக்கும் எண்ணிக்கை கூடும், கூடட்டும். இல்லையென்றால் பெடலையே தொடாமல், வெற்றிடப் பம்பால் உறிஞ்சியோ டப்பா பக்கமிருந்து அழுத்தம் கொடுத்தோ செய்யலாம். புதுக் காரில் இந்த ஆபத்து குறைவு என்றாலும் நான் கட்டை இல்லாமல் யாரையும் பெடலில் உட்கார விடுவதில்லை.

டப்பாவை மறப்பது

நிப்பிளில் ஓடும் ஆயிலையே பார்த்துக்கொண்டிருந்தால் மேலே டப்பா காலியாவது தெரியாது. காலியானால் காற்று மாஸ்டர் சிலிண்டருக்குள் போகும், அங்கிருந்து, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் பெட்டிக்கும் போகும். ஏபிஎஸ்-இன் வால்வுகளுக்குள் சிக்கிய காற்று பல கார்களில் சும்மா மிதித்தால் வெளியே வராது. ஸ்கேனர் மாட்டி அதன் பம்பையும் வால்வுகளையும் இயக்கித்தான் எடுக்க வேண்டும். ஐந்தாறு மிதிக்கு ஒருமுறை எழுந்து போய் டப்பாவைப் பாருங்கள். தொடக்கத்தில் சிரிஞ்சால் பழைய ஆயிலை எடுக்கும்போதும் அடியிலுள்ள துளை வெளியே தெரியும் அளவுக்கு உறிஞ்சாதீர்கள்.

மூடும் முன் பெடலை விடுவது

விட்டால் காற்று உள்ளே. பெடலில் இருப்பவர் "மூடியாச்சு" என்று கேட்கும் வரை காலை எடுக்கக் கூடாது.

திறந்த வாய் ஸ்பேனர்

நிப்பிள் சின்னது, நடுவில் துளை உள்ளது, மண்ணிலும் தண்ணீரிலும் கிடந்து துரு பிடித்திருக்கும். திறந்த வாய் ஸ்பேனர் அதன் முனைகளை மழுக்கிவிடும், உடைந்தால் காலிபரோடு போராட வேண்டும். முந்தைய இரவே துரு இளக்கும் திரவம் விட்டு வைத்து, ஆறு முனை ரிங் ஸ்பேனரால் திறங்கள். நான்கும் இளகுகிறதா என்று முதலில் சோதித்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். மூடும்போதும் பலத்தைக் காட்ட வேண்டாம்.

ஓயாத குமிழியைத் துரத்துவது

வெற்றிடப் பம்பு பயன்படுத்துவோர் இதில் மாட்டிக்கொள்வார்கள். குழாயில் சின்னக் குமிழிகள் வந்துகொண்டே இருக்கும். அதில் பெரும்பகுதி நிப்பிளின் மரை வழியே வெளியிலிருந்து உறிஞ்சப்படும் காற்று. அக்கா மகன் அதைப் பார்த்துக்கொண்டே அரைக் குப்பியைத் தீர்த்துவிட்டான். பம்பைக் கழற்றிவிட்டுப் பெடலால் இரண்டு முறை எடுத்துப் பாருங்கள், உண்மை தெரிந்துவிடும்.

காலிபரை இடம் வலம் மாற்றிப் பூட்டுவது

மாற்றிப் பூட்டினால் நிப்பிள் கீழே போய்விடும், மேலே தேங்கும் காற்று வெளியே வராது. நிப்பிள் மேலே இருக்க வேண்டும்.

தூரச் சக்கரம்தான் முதலில் என்பது

மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான சக்கரத்தில்தான் முதலில் ஏர் எடுக்க வேண்டும் என்பார்கள். எல்லாக் காருக்கும் அப்படி இல்லை. பிரேக் குழாய்கள் குறுக்காகப் பிரிக்கப்பட்ட கார்களில் வரிசை வேறாக இருக்கலாம். அந்தக் காரின் சர்வீஸ் புத்தகம் சொல்வதே வரிசை.

சிந்தியதைத் துணியால் துடைப்பது

பெயின்ட்டில் பட்டால் உடனே நிறையத் தண்ணீர் ஊற்றுங்கள். துணி அதை இன்னும் பரப்பும்.

திறந்து வைத்த குப்பி

போன வருடம் திறந்ததை ஊற்றாதீர்கள்.

எல்லாம் முடிந்ததும் பெடலை மிதமாக அழுத்தியபடியே எஞ்சினை ஓடவிட்டு, அரை நிமிடம் அப்படியே வைத்திருங்கள். எஞ்சின் உயிர் பெறும் நொடியில் பெடல் கொஞ்சம் இறங்குவது, கால் அழுத்தத்தைக் கூட்டித் தரும் பூஸ்டரின் வேலை, அதற்குப் பயப்பட வேண்டாம். அதற்குப் பிறகும் இறங்கினால் வண்டியை நகர்த்தாதீர்கள். அக்கா மகனின் பெடல் அசையவில்லை. வாசலிலேயே மெதுவாக உருட்டி நான்கைந்து முறை நிறுத்திப் பார்த்த பிறகுதான் அவனைத் தெருவுக்கு விட்டேன்.