தில்லி – சான் பிரான்சிஸ்கோ: எத்தனை மணி நேரம்? தப்பாகப் போடும் கணக்குகள்

தில்லியிலிருந்து சான் பிரான்சிஸ்கோ ஏறத்தாழ 12,400 கிலோமீட்டர். ஜெட் விமானம் மணிக்குச் சுமார் 900 கிலோமீட்டர் போகும். வகுத்துப் பார்த்தால் பதினாலு மணி நேரம்கூட வராது. டிக்கெட்டில் பதினாறு என்று போட்டிருந்தால், ‘ஏன் இப்படிச் சுத்துறான்?’ என்று கேட்கத் தோன்றும்.

சுற்றத்தான் செய்கிறான். அந்த 12,400 என்பது உலக உருண்டையின் மேல் நூலை இழுத்துப் பிடித்து அளந்த தூரம். பசிபிக்கை நடுவில் வைத்து வரைந்த சுவர் வரைபடத்தில் ஸ்கேல் வைத்தால் பசிபிக்கைக் குறுக்கே தாண்டுவதுபோல் தெரியும். நூலோ சைபீரியா, ஆர்க்டிக் கடல், அலாஸ்கா என்று வடக்கே ஏறி இறங்கும். விமானம் அந்த நூல் மேலேயும் அப்படியே போய்விட முடியாது. நடுவானில் கேபின் அழுத்தம் போனால் உடனே 10,000 அடிக்கு, அதாவது சுமார் 3,000 மீட்டருக்கு இறங்கியாக வேண்டும். நூல் முதலில் தாண்டும் திபெத்தில் தரையே சராசரியாக 4,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, எங்கே இறங்குவது? போதாக்குறைக்கு அரசியல். 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியதும் மேற்கே போகும் பாதைகள் நீண்டுவிட்டன.

காற்றைக் கணக்கில் சேர்க்காததுதான் இருப்பதிலேயே பெரிய தவறு. 2016 அக்டோபரில் ஏர் இந்தியா இந்த விமானத்தை அட்லாண்டிக் பக்கமிருந்து பசிபிக் பக்கம் மாற்றியது. தூரம் 13,900 கிலோமீட்டரிலிருந்து 15,300 ஆனது. பயண நேரமோ சுமார் இரண்டு மணி நேரம் குறைந்தது! உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே ஓடும் ஜெட் காற்று பின்னாலிருந்து தள்ளியதுதான் காரணம். போக எவ்வளவோ வரவும் அவ்வளவே என்று நினைப்பதும் இதனால்தான் பொய்க்கிறது.

அடுத்தது, கிளம்பும் நேரத்தை இறங்கும் நேரத்திலிருந்து கழிப்பது. இரண்டுமே அந்தந்த ஊர் நேரம். கோடையில் பதினாறு மணி நேரப் பயணம் என்று வையுங்கள். தில்லியில் அதிகாலை 4 மணிக்கு ஏறினால் அங்கே அதே நாள் காலை 7.30. பார்க்க மூன்றரை மணி நேரம். திங்கள் காலை 10 மணிக்கு அங்கே ஏறினால் தில்லியில் செவ்வாய் மதியம் 2.30. வண்டி அனுப்பச் சொல்பவர்கள் தேதியைக் கோட்டைவிடுவது இங்கேதான். மார்ச்சிலும் நவம்பரிலும் அமெரிக்கா கடிகாரத்தை மாற்றும். பன்னிரண்டரை மணி நேர வித்தியாசம் குளிர்காலத்தில் பதின்மூன்றரை.

சென்னையிலிருந்து கிளம்பி அமெரிக்காவுக்குள்ளேயே இன்னொரு விமானம் மாறுகிறவர்கள் பறக்கும் நேரத்தை மட்டும் கூட்டாதீர்கள். அமெரிக்காவில் முதலில் இறங்கும் ஊரிலேயே இமிக்ரேஷன். பெரும்பாலும் பெட்டியை எடுத்து, சுங்கம் தாண்டி, மறுபடி ஒப்படைக்க வேண்டும். ஒன்றரை மணி நேர இடைவெளியை நம்பாதீர்கள், மூன்று வையுங்கள். அபுதாபி வழியாகப் போனால் அமெரிக்க இமிக்ரேஷன் அங்கேயே முடிந்துவிடும்.