காவடிப் பதிவுச் செயலி: வியூ 2-லிருந்து வியூ 3-க்கு

மொரீஷியஸ் கோவில் ஒன்றின் காவடிப் பதிவுச் செயலி இன்னும் வியூ 2-இல் (வலைப்பக்கங்களைக் கட்டும் ஜாவாஸ்கிரிப்ட் கருவியான Vue-இன் பழைய பதிப்பு) ஓடுகிறதா? தைப்பூசம் முடிந்த கையோடு மாற்றிவிடுங்கள். வியூ 2-க்கான ஆதரவு 2023 டிசம்பர் 31-உடன் நின்றுவிட்டது.

குறியீட்டின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட்டில் (Git) தனிக் கிளை எடுத்து, வியூ 3-இன் காம்பாட் பில்டை (பழைய வழக்கங்களையும் ஏற்கும் இடைக்கால வடிவம்) நிறுவுங்கள். பழைய குறியீட்டில் பெரும்பகுதி அப்படியே ஓடும். மாற்ற வேண்டியவை பிரவுசரின் கன்சோலில் எச்சரிக்கையாக வரும். அதுதான் உங்கள் வேலைப் பட்டியல்.

'பிஃபோர்டிஸ்ட்ராய்' (beforeDestroy) என்பதை 'பிஃபோர்அன்மவுன்ட்' (beforeUnmount) ஆக்குவது போன்ற பெயர் மாற்றங்களை, குறியீட்டைத் தானாகத் திருத்தும் கோட்மாட் ஸ்கிரிப்டிடம் விடலாம். முதலில் ட்ரை ரன் (எதையும் மாற்றாத ஒத்திகை ஓட்டம்), பிறகு ஒவ்வொரு மாற்ற விதிக்கும் கிட்டில் ஒரு கமிட் (தனிப் பதிவு). ஏதாவது உடைந்தால் அந்த ஒன்றை மட்டும் திருப்பலாம்.

உண்மையான ஆபத்து ஃபில்டரில்: டெம்ப்ளேட்டில் (பக்கத்தின் வார்ப்பில்) ஒரு மதிப்புக்குப் பின் குழாய்க் குறி (|) போட்டு, அதைக் காட்டும் வடிவத்தை மாற்றும் வசதி அது. வியூ 3-இல் ஃபில்டர் கிடையாது. காம்பாட்டை நீக்கியதும், டெம்ப்ளேட்டில் உள்ள ஒற்றைக் குழாய்க் குறி, முழு எண்களின் பிட்டுகளில் செய்யும் பிட்வைஸ் 'ஆர்' (OR) கணக்காகிவிடும். 250.75 ரூபாய் கட்டணம் 250 என்று தெரியும். '2025-02-11' என்ற தேதி 0 ஆகும். பக்கம் உடையாது, அதனால் யார் கண்ணிலும் படாது. எனவே காம்பாட்டை எடுக்கும் முன்பே ஒற்றைக் குழாய்க் குறிகளைத் தேடி ('அல்லது' என்று பொருள்படும் இரட்டைக் குழாயை, ||, தொடாமல்) ஃபங்ஷன் அழைப்பாக மாற்றுங்கள். தொகையும் தேதியும் வரும் பக்கங்களுக்கு ஸ்னாப்ஷாட் சோதனையை (பக்கத்தின் முந்தைய வெளியீட்டைச் சேமித்துப் புதியதோடு ஒப்பிடுவது) மாற்றத்துக்கு முன்பே எழுதிவிடுங்கள்.